தாயை அருகே அழைத்த வைத்தியர்
பியேர் பூடேன் வரலாறு

வைத்திய உலகிலே பெயர் நிறுவியோர் பெரும்பாலும் ஒரு நோய்க்கு மருந்து கண்டவராகவோ, ஒரு புதிய கருவியை ஆக்கியவராகவோ இருப்பர். நான் ஈண்டுக் கூறப்புகும் பெரியார் அவ்விரு வகையிலும் அடங்கார். தம் ஆசிரியர் கொணர்ந்த கருவியையே அவர் கையாண்டார். ஒரு மருத்துவிச்சி தொடங்கிய விடுதியையே அவர் பொறுப்பேற்று நடத்தினார். ஆயினும் அந்தக் கருவியின் பக்கத்திலே, அந்த விடுதியின் உள்ளே, எல்லோரும் மறந்துவிட்ட ஒருத்தி இல்லாதிருப்பதை அவர் கண்டார். அவள்தான் குழந்தையைப் பெற்ற தாய். அவளை அருகே அழைத்தமையே அவர் செய்த பெருந்தொண்டு. பிரான்சு தேசத்து மகப்பேற்று வைத்தியரான பியேர் பூடேன் என்பவரே அவர்.

அவருடைய வரலாற்றை எழுதுவதற்கு எனக்கு உரிமை உண்டோ என்று கேட்பாரும் இருக்கலாம். நான் வைத்தியர் அல்லேன். தாதித் தொழில் புரிந்து ஓய்வு பெற்றவள். எனினும் அப்பெரியாரிடம் நான் பட்ட கடன் ஒன்று உண்டு. அதனை முதலிற் சொல்லுதல் முறை.

1976ஆம் ஆண்டு, பயிற்சி முடித்த இளந்தாதியாக ஒரு வைத்தியசாலையின் குழந்தை விடுதியிலே கடமையேற்றேன். அங்கே எட்டு மாதத்திற் பிறந்த பெண் குழந்தை ஒன்று என் பொறுப்பில் விடப்பட்டது. உள்ளங்கைகள் இரண்டிலும் அடங்கும் சிற்றுயிர் அது. வெப்பப் பெட்டியில் வைத்து, குழாய் வழியாகப் பாலூட்டி, இரவு பகலாகக் காத்தோம். நோய் தொற்றும் என்ற அச்சத்தினால் தாய் உள்ளே வருதல் ஆகாது என்பது அக்கால விதி. அவள் நாள்தோறும் வந்து கண்ணாடிச் சாளரத்துக்கு வெளியே சிறிது நேரம் நின்று போவாள். முதல் வாரம் அழுதாள். இரண்டாம் வாரம் அழவில்லை. மூன்றாம் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாளே வந்தாள். நாற்பதாம் நாள் குழந்தையை அவள் கையில் கொடுத்தபோது, அயலார் பொருளை வாங்குபவள் போல அவள் கூசி வாங்கினாள். குழந்தை வீரிட்டழுதது. நான் மீண்டும் வாங்கியதும் அடங்கிற்று. அப்பொழுது என் உள்ளத்திலே தோன்றியது பெருமை. அந்தப் பெருமை எத்துணைக் கொடியது என்பதைப் பன்னிரண்டு ஆண்டுகளின் பின்னர், தாதியருக்குப் பாடஞ் சொல்லும் பணியில் அமர்ந்தபோது, ஒரு பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு நூலே எனக்கு உணர்த்திற்று. அந்நூலின் ஆசிரியர்தாம் பூடேன்.

இளமையும் காலமும்

பிரான்சின் வடபால் உள்ள உவாசு மாவட்டத்திலே, ஏனன்கூர்-லெ-செக் என்னும் சிற்றூரில், 1846ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 9ஆம் நாள் பியேர் பூடேன் பிறந்தார். பாரிஸ் மாநகரில் வைத்தியம் பயின்றார். பேற்றின்போது குழந்தையின் தலை அடையும் உருவ மாற்றங்களை ஆராய்ந்து 1876இல் தமது பட்ட ஆய்வினை வெளியிட்டார். எந்தக் குழந்தை உலகுக்கு வரும் வழியை அளந்து ஆராய்ந்தாரோ, அந்தக் குழந்தை வந்த பின்னர் அதற்கு நேர்வது யாது என்ற வினாவே பிற்காலத்தில் அவருடைய வாழ்நாளைக் கொள்ளைகொண்டது.

அவர் வாழ்ந்த காலத்தின் நிலையையும் சிறிது நோக்குதல் வேண்டும். 1870இல் மூண்ட போரிலே பிரான்சு செருமானியரிடம் தோல்வியுற்றது. பிறப்பு வீதமோ அந்நாட்டில் குறைந்துகொண்டே சென்றது. பிறக்கும் குழந்தைகளுள்ளும் பல முதலாண்டு நிறையுமுன் மாண்டன. பாரிஸ் நகரத்துப் பெண்கள் பலர் தம் குழந்தைகளை நாட்டுப்புறங்களில் வாழ்ந்த முலைத்தாயரிடம் கூலிக்கு வளர்க்கக் கொடுத்தனர். செல்வர்க்கு அது வழக்கம். உழைத்துண்ணும் ஏழைப் பெண்ணுக்கோ அது தவிர்க்கவியலாத தேவை. அவ்வாறு சென்ற குழந்தைகளின் சாவு மிகுந்தமையால், தியோபில் ரூசல் என்பவரின் முயற்சியால் 1874இல் அவர்களைக் காக்கும் சட்டமொன்று இயற்றப்பட்டது. நம் பழைய நூல்கள் ஐவகைத் தாயரைப் பேசும். அந்நாட்டிலோ முலைத்தாய் இருந்தாள். பெற்ற தாய் மறைந்துகொண்டிருந்தாள்.

ஆசிரியர் தந்த பெட்டி

பூடேனின் ஆசிரியர் எத்தியேன் தார்னியே என்பவர். பாரிசின் மகப்பேற்று மனையாகிய மத்தேர்னித்தேயின் தலைமை வைத்தியராக விளங்கியவர். குறைமாதக் குழந்தைகள் குளிரினாலேயே மாளுவதை அவர் அறிந்திருந்தார். உயிர்க்காட்சிச் சோலையொன்றிலே கோழி முட்டைகளை வெப்பத்தினாற் பொரிக்கச் செய்யும் பெட்டியைக் கண்ட அவருக்கு, மனிதக் குழந்தைக்கும் அத்தகைய பெட்டி உதவுமே என்ற எண்ணம் உதித்தது. அச்சோலையைச் சேர்ந்த ஓடில் மார்த்தேன் என்பவரைக் கொண்டு ஒரு வெப்பப் பெட்டியைச் செய்வித்து, 1880ஆம் ஆண்டளவில் மகப்பேற்று மனையில் நிறுவினார். பின்னர் எளிய பெட்டிகள் வந்தன. கீழறையிற் சுடுநீர்ச் சாடிகளை வைத்து, மேலறையிற் குழந்தையைக் கிடத்தி, மேலே கண்ணாடி மூடியிடுவர். சாடிகள் ஆறுந்தோறும் மாற்றுவது தாதியரின் கடமை.

பயன் விரைவிற் புலப்பட்டது. தார்னியேயின் உதவியாளரான ஓவார் 1883இல் வெளியிட்ட கணக்கின்படி, 2000 கிராமுக்குக் குறைந்த நிறையுடன் பிறந்த குழந்தைகளுள் முன்னர் 100க்கு 66 இறந்தன. பெட்டி வந்தபின் 38 இறந்தன. உலகம் வியந்தது. வியப்புக் கருவியின் மேற் சென்றது. பூடேனும் அக்கருவியின் நன்மையை ஐயமின்றி ஏற்றுக்கொண்டார். மிகச் சிறிய குழந்தைகளின் உடல் வெப்பம் 33 பாகை செல்சியசு அளவில் தாழ்ந்திருந்தபோது பத்தில் ஒன்றே பிழைத்ததென்றும், 36க்கும் 37க்கும் இடையில் இருந்தபோது நான்கில் மூன்று பங்கு பிழைத்தனவென்றும் அவரே பிற்காலத்தில் எழுதினார். ஆயின் அவர் கண் பெட்டியோடு நின்றுவிடவில்லை.

வாரந்தோறும் வந்த தாய்மார்

பூடேன் பாரிசிலுள்ள ஷாரித்தே வைத்தியசாலையின் மகப்பேற்றுப் பகுதிக்குத் தலைவராயிருந்தார். அங்கே நலமாய்ப் பிறந்து, நலமாய் வீடு சென்ற குழந்தைகள் சில மாதங்களில் என்னவாயின என்று விசாரித்தபோது, பல இறந்துவிட்டன என்ற செய்தியே அவருக்குக் கிடைத்தது. பேற்றினை நன்கு முடித்ததோடு தம் கடன் முடிந்ததென்று எண்ணும் வைத்தியர், கரை சேர்த்த கப்பலின் சரக்கைக் கடற்கரை மணலிலே கொட்டிவிட்டுப் போகும் மாலுமியை ஒப்பர். பூடேன் அவ்வாறு போக மனமற்றவரானார்.

1892இல் தம் பகுதியிற் பிள்ளை பெற்ற தாய்மாருக்காக, பாலுண்ணும் குழந்தைகளைப் பார்வையிடும் நிலையம் ஒன்றை அங்கேயே தொடங்கினார். தாய்மார் தம் குழந்தைகளுடன் வாரந்தோறும் வருவர். குழந்தையைத் தராசிலிட்டு நிறுத்து, நிறையைக் குறித்து, தாய்க்குக் காட்டுவர். நிறை ஏறினால் அவள் பாலின் வெற்றி அது. ஏறாவிடின் காரணம் ஆராயப்படும். தாய்ப்பாலைப் பெருக்குவதற்கே முதல் முயற்சி. அது போதாதவிடத்து மட்டும் கொதிக்கவைத்துத் தூய்மையாக்கிய பசுப்பால், குழந்தையின் நிறைக்கேற்ப அளந்து கொடுக்கப்படும். நம் நாட்டில் இன்று கிராமந்தோறும் நடைபெறும் குழந்தை நிறுவைக் கிளினிக்குகளுக்கு முன்னோடிகளான நிலையங்களுள் அதுவும் ஒன்று எனலாம். அங்கே தராசு தாயைச் சோதிக்கும் கருவியாக வைக்கப்படவில்லை. தான் இக்குழந்தைக்குப் போதுமானவள் என்ற துணிவை அவளுக்கு அளிக்கும் கருவியாகவே பயன்பட்டது.

பூடேன் கண்ட குறை

1895இல் பூடேன் மத்தேர்னித்தேக்கு மாற்றம் பெற்றார். அங்கே தலைமை மருத்துவிச்சியாக இருந்த மடம் ஆன்றி என்னும் அம்மையார், மெலிந்த குழந்தைகளுக்கெனத் தனி மண்டபமொன்றை 1893இலேயே திறந்திருந்தார். தார்னியேயின் பெட்டிகள் அங்கே வரிசையாக இருந்தன. நகரின் பல பகுதிகளிலிருந்தும் குறைமாதக் குழந்தைகள் கொண்டுவரப்பட்டன. வரும் வழியிலேயே குளிர்ந்து, உயிர் ஊசலாடும் நிலையில் வந்தவை பல. ஒன்றின் நோய் மற்றொன்றிற் பரவிற்று. பூடேன் நோயுற்ற குழந்தைகளைப் பிரித்து வைத்தார். பாலையும் பாத்திரங்களையும் தூய்மை செய்வதில் கண்டிப்பு விதித்தார்.

இவற்றை எந்தத் திறமைமிக்க வைத்தியரும் செய்திருப்பர். அவர் கண்ட மற்றொரு குறையே அவரைப் பிறரினின்றும் வேறுபடுத்துகின்றது. குழந்தை மண்டபத்திற்கு வந்தது. தாயோ வீட்டில் இருந்தாள். பால் கட்டிற்று, சில நாளில் வற்றிற்று. குழந்தையைக் காண வருதல் குறைந்தது. குழந்தை தேறி, நிறையேறி, வீடு செல்லும் நாள் வந்தபோது, அதனைப் பெற்றவளுக்கு அதன்மேல் பற்று அற்றுப்போயிருந்தது. சிலர் தம் குழந்தையைக் கைவிட்டும் போயினர். தன் மகனின் பிள்ளைப்பருவத்தைக் காணவோ, பாலூட்டவோ பேறில்லாமற்போன தேவகியின் புலம்பலைக் குலசேகராழ்வார் பாடியுள்ளார். தேவகிக்குப் புலம்பவாவது நினைவு மிஞ்சிற்று. அந்த மண்டபத்துத் தாய்மாருக்கோ, புலம்பும் ஆசையும் நாளடைவில் வற்றிப்போயிற்று. உயிரைக் காப்பதற்கென்று செய்த பிரிவே உறவைக் கொன்றது.

இவ்விடத்தைப் படித்தபோதுதான் நான் நூலை மூடிவைத்துவிட்டு எழுந்துபோனேன். கண்ணாடிக்கு வெளியே நின்ற அந்தப் பெண்ணின் அழுகை இரண்டாம் வாரத்தில் ஏன் நின்றது என்பது எனக்கு அன்றுதான் விளங்கிற்று.

செய்த மாற்றங்கள்

குறையைக் கண்டவர் பழி கூறி நின்றாரல்லர். ஏழைப் பெண்களைக் கல்நெஞ்சினர் என்று ஏசுவது அக்காலத்துப் பெரியோர் பலருக்கு எளிதாயிருந்தது. பூடேன் பெண்ணைக் குறை கூறாது ஏற்பாட்டைக் குறை கூறினார். ஏற்பாடு மாறினால் தாய் மாறுவாள் என்பது அவருடைய துணிபு.

கண்ணாடி வைத்த பெட்டியையே அவர் விரும்பினார். தாய் தன் குழந்தையின் முகத்தையும் அசைவையும் எந்நேரமும் காணவேண்டும் என்பதே காரணம். இயன்றவிடத்து அப்பெட்டியைத் தாயின் படுக்கையருகிலேயே வைக்கச் செய்தார். வெளியிலிருந்த தாய்மாரை வரச்சொல்லி, குழந்தையைப் பேணும் பணிகளில் அவர்களையும் சேர்த்துக்கொண்டார். குறைமாதக் குழந்தைக்கு உறிஞ்சும் வலி இல்லை. உறிஞ்சாத மார்பிற் பால் நில்லாது. ஆகவே வலிய குழந்தை ஒன்றையும் அத்தாயின் மார்பில் இட்டுப் பாலை ஊறச்செய்து, தன் குழந்தை உறிஞ்சப் பழகும்வரை அப்பாலைக் காத்தார். விடுதியில் முலைத்தாயராக அமர்ந்த பெண்களும் தம் சொந்தக் குழந்தைகளைப் பிரியாது உடன்வைத்துக்கொள்ள இடமளித்தார். ஒரு குழந்தையின் உயிரை மற்றொரு குழந்தையின் தாயைப் பறித்து வாங்குதல் தகாது என்ற நீதியை அதிற் காண்கிறேன்.

1898இல் ஆசிரியர் தார்னியேயின் பெயர் தாங்கிய மகப்பேற்று நிலையத்திற்குப் பேராசிரியராகச் சென்றார். தம் சொற்பொழிவுகளைத் தொகுத்து 1900இல், பாலுண்ணும் குழந்தை என்று பொருள்படும் தலைப்பில் நூலாக வெளியிட்டார். மெலிந்த குழந்தையைக் காப்பதில் வெப்பம், உணவு, நோய்த்தடுப்பு ஆகிய மூன்றையும் அந்நூல் முறையாக விளக்குகின்றது. 1902இல் குழந்தைச் சாவை எதிர்க்கும் சங்கமொன்று பிரான்சிலே தோன்றுவதற்கும் அவர் முன்னின்றார். 1907ஆம் ஆண்டு சனவரி மாதம், தமது அறுபதாம் வயதில், மார்சேய் நகரில் காலமானார். அவ்வாண்டிலேதான் அவருடைய நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது.

மறந்த பாடமும் மீண்ட பாடமும்

பெரியோரின் கருவி பரவுவதுபோல் கருத்துப் பரவுவதில்லை. 1896இல் பேர்லின் பொருட்காட்சியில் குறைமாதக் குழந்தைகள் வெப்பப் பெட்டிகளிற் கிடத்தப்பட்டுக் காட்சிப்பொருளாயினர். பூடேனின் மாணவர் என்று தம்மைச் சொல்லிக்கொண்ட மார்ட்டின் கூனி என்பவர் அமெரிக்காவிலே, நியூயோர்க்கின் கோனித் தீவில், 1903 முதல் 1943 வரை கட்டணம் வாங்கி அத்தகைய காட்சியை நடத்தினார். அங்கே பல உயிர்கள் காக்கப்பட்டன என்பது உண்மை. ஆனால் கண்ணாடிக்கு வெளியே நின்றவர்கள் கட்டணம் செலுத்திய பார்வையாளர். தாய் பார்க்கவென வைத்த கண்ணாடி, ஊரார் வேடிக்கை பார்க்கும் கண்ணாடியாயிற்று. பின்னர் வைத்தியசாலைகள் தோறும் குழந்தை விடுதிகள் எழுந்தன. தொற்று நோயின் அச்சத்தினால் தாய்மாருக்குக் கதவு அடைக்கப்பட்டது.

அக்கதவைத் திறப்பதற்கு நெடுங்காலம் சென்றது. 1972இல் அமெரிக்க வைத்தியர் மார்சல் கிளவுசும் சோன் கென்னலும், பேற்றின் பின் குழந்தையுடன் கூடுதலான நேரம் விடப்பட்ட தாய்மாரின் நடத்தையில் வேறுபாடு கண்டதாக வெளியிட்டனர். அவ்வாய்வு 28 தாய்மாரையே கொண்டது. அதனை மறுத்தோரும் உளர். 1978இல் கொலம்பியாவின் பொகோத்தா நகரில், பெட்டிகளும் தாதியரும் போதாத ஒரு மகப்பேற்று மனையிலே, எட்கார் ரேய் என்னும் வைத்தியர் குறைமாதக் குழந்தையைத் தாயின் வெறும் மார்பிலேயே கட்டி வைக்கும் முறையைத் தொடங்கினார். கங்காரு தன் குட்டியைச் சுமப்பதை ஒத்திருந்தமையால் அதற்குக் கங்காருப் பராமரிப்பு என்று பெயர் வழங்கலாயிற்று. 2021இல் இந்தியாவிலும் ஆபிரிக்க நாடுகள் நான்கிலும் செய்யப்பட்ட பேராய்வொன்று வெளிவந்தது. மிகச் சிறிய குழந்தைகளைப் பிறந்த உடனேயே தாயின் மார்பிற் சேர்த்தபோது முதல் 28 நாட்களில் 100க்கு 12 இறந்தன; வழக்கம்போல நிலை சீரான பின்னர் சேர்த்தபோது 100க்குப் பதினைந்துக்கும் மேல் இறந்தன. பூடேன் தாயின் படுக்கையைப் பெட்டியின் அருகே கொணர்ந்தார். இன்று தாயின் மார்பே பெட்டியாகியுள்ளது.

அவரிடத்தும் குறை இல்லையென்று நான் சொல்ல வரவில்லை. தாயை அவர் பெரும்பாலும் பாலின் ஊற்றாகவே நோக்கினார். அவர் காலத்து அரசோ, குழந்தைகளை நாளைய போர்வீரராகவே எண்ணிற்று. ஆயினும் தம் கண் கண்டதை மறைக்காமல் எழுதியமையால், அவர் எழுத்துத் தம் காலத்தையும் கடந்து நிற்கின்றது.

தாதியர் கற்கவேண்டியது

தாதி என்ற சொல்லுக்கு நம் மொழியில் வளர்ப்புத்தாய் என்ற பழம்பொருளும் உண்டு. பெயரிலேயே தாய்மை கலந்த தொழில் எம்முடையது. அதனாலேயே அதில் ஓர் அபாயம் உண்டு. திறமையான தாதியின் கை, கன்னித்தாயின் நடுங்கும் கையைவிட எப்பொழுதும் விரைவானது. குழந்தையை வாங்கித் தானே செய்துவிடுதல் தாதிக்கு எளிது. பொறுத்து நின்று, தாய் செய்யவிட்டு, அவள் கைக்குத் துணை நிற்றலே அரிது.

ஆதலின் என் மாணவிகளுக்கு நான் கூறிவந்தவை சில. குழந்தை பிறந்ததும் துடைத்துத் தாயின் வெறும் மார்பிற் கிடத்தி, இருவரையும் சேர்த்துப் போர்த்துங்கள். நிறுப்பதும் அளப்பதும் காத்திருக்கலாம். முதல் மணி நேரத்திற்குள் குழந்தை தானே மார்பைத் தேட இடங்கொடுங்கள். குளிப்பாட்டுதலை மறுநாளுக்கு விடுங்கள். குழந்தை பெட்டியில் இருக்க நேர்ந்தால், அதன் காலையாவது தொட்டுக்கொண்டிருக்கத் தாய்க்கு வழி செய்யுங்கள். பாலைக் கையினாற் கறக்கக் கற்பியுங்கள். குழாய் வழியே அப்பால் இறங்கும்போது கிண்ணத்தை அவளே பிடிக்கட்டும். அறுவைச் சிகிச்சையினாலோ நோயினாலோ முதல் நாட்களை இழந்த தாயை, எல்லாம் போயிற்று என்று அஞ்சவிடாதீர்கள். பற்று ஒரு மணி நேரத்திற் பூத்து வாடும் பூவன்று, பின்னரும் வேர்விடும். அதற்கு வேண்டுவது அருகாமையும், கடிந்துரையாத ஒரு துணையுமே.

கடைசியாக, அந்தப் பெண் குழந்தையின் செய்தியைச் சொல்லாது விடுதல் முறையன்று. வீடு சென்று இரண்டு மாதங்களில், புட்டிப்பால் ஒவ்வாது வயிற்றோட்டத்தினால் மெலிந்து அது மீண்டும் வந்தது. அன்று விடுதியில் இடமில்லை; தாதியர் மூவர் விடுமுறையில் இருந்தனர். வேறு வழியின்றித் தாயையே பக்கத்திற் பாய் விரித்து இருக்கச் சொன்னோம். கரண்டி கரண்டியாக அவளே மருந்து நீரை ஊட்டினாள். எட்டு நாளும் குழந்தை அவள் மடியை விட்டு இறங்கவில்லை. ஒன்பதாம் நாள் நான் வாங்கப் போனபோது, குழந்தை என்னைக் கண்டு வீரிட்டுத் தாயின் தோளிலே முகத்தைப் புதைத்துக்கொண்டது.

அன்று எனக்கு அது சிறு ஏமாற்றமாயிருந்தது. பூடேனைப் படித்தபின், அதைவிடப் பெரிய நற்சான்றிதழ் என் தொழிலில் எனக்குக் கிடைத்ததில்லை என்று அறிந்தேன்.